ஒய் பிகாஸ்

ஆங்கிலத்தில் காரணம் சொல்ல வாயைத் திறந்தால் எனக்கு முதலில் வருவது ‘ஒய் பிகாஸ்’. ‘பிகாஸ்’ மட்டும் தனியாக வராது. ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் மாதிரி முன்னால் ஒரு ‘ஒய்’யையும் கூட்டிக்கொண்டுதான் வரும். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன். தமிழில் ‘ஏன்னா’ என்கிறோமே, அதைப் பிரித்துப் பாருங்கள். ஏன் என்றால். கேள்வியையும் நாமே கேட்டு, பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். எதிரில் இருப்பவர் ‘ஏன்’ என்று கேட்கட்டுமே என்று காத்திருக்கிற பொறுமை எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் கிடையாது. எனக்குச் சுத்தமாகக் கிடையாது.

நான் நர்ஸ். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டும் களை பறித்தும் என்னை நர்ஸிங் படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. வேலையை விட்டுவிட்டு அவளை நானும் என் வீட்டுக்காரரும் இருந்த வாடகை வீட்டுக்கே கொண்டு வந்து, அவள் கண்ணை மூடும் வரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன்.

திரும்ப வேலைக்குப் போகலாம் என்று கிளம்பியபோதுதான் அந்த ஆறு வருடத்துக்கு வெளியுலகத்தில் வேறு பெயர் இருப்பது தெரிந்தது. ‘கேப்’. போன இடத்தில் எல்லாம் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, “நடுவுல பெரிய கேப் இருக்கேம்மா” என்றார்கள். வேண்டுமானால் இப்போதுதான் படித்து முடித்து வரும் பிள்ளைகளோடு சேர்ந்து பயிற்சியில் இருந்து பாருங்கள் என்றார்கள். நான் கையைப் பிடித்து நரம்பு காட்டிக்கொடுத்த பிள்ளைகள் இன்றைக்கு வார்டு பொறுப்பில் இருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே இருந்த டிரிப் ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அப்போதுதான் பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு மருத்துவமனை திறந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுபவம் உள்ள நர்ஸ் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு நாற்பது வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. அங்கே நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியாக இருந்த மேடம் வடக்கே இருந்து வந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, நேர்காணல் முழுக்க ஆங்கிலம்தான் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இதையும் விட்டால் பயிற்சிப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சீருடையையே மறந்துவிட வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருந்துப் பெயர் சொல்வேன், கேஸ் ஷீட் எழுதுவேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் நோயாளியின் நிலைமையை மளமளவென்று ஒப்பிப்பேன். அதிலெல்லாம் காரணம் சொல்ல வேண்டிய வேலை இல்லை. காய்ச்சல் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, அவ்வளவுதான். ‘ஏன் வேலையை விட்டாய்’ என்று கேட்டால்தான் நாக்கு புரளாது.

எங்கள் மாடி வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது. கடலோர ஊர்க்காரர்கள். கணவருக்கு ஷார்ஜாவில் கடை. அந்த வீட்டு அக்காவும் பல வருடம் அங்கேயே இருந்து ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன் பார்த்தவர். பிள்ளைகள் படிப்புக்காகத் தஞ்சாவூரில் வந்து தங்கியிருந்தார். செல்போனில் இல்லத்தரசிகளுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுப்பார். அவருடைய தங்கைகள் அவரை லாத்தா என்று கூப்பிடுவார்கள், கேட்டுக் கேட்டு நானும் லாத்தா என்றே கூப்பிடுவேன். அவருடைய மாமியாருக்கு நான்தான் தினமும் இன்சுலின் ஊசி போட்டுவிடுவேன். விஷயத்தைச் சொன்னதும், “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன. நாளைக்கு மாமிக்கு ஊசி போட்டுட்டு அப்படியே உக்காருங்க நர்ஸம்மா” என்றார்.

மறுநாள் உட்கார்ந்தேன். ஏன் வேலையை விட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஒய் பிகாஸ்...” என்று தொடங்கினேன்.

லாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். “ஒய்ய நான் கேட்டாச்சு. நீங்க எதுக்கு இன்னொரு தடவை கேக்குறீங்க?”

“ஏன்னாவுக்கு அதுதானே லாத்தா?”

“ஏன்னாவுக்கு பிகாஸ் மட்டும் போதும். மறுபடியும் சொல்லுங்க.”

மறுபடியும் ‘ஒய் பிகாஸ்’ தான் வந்தது. சிரித்துச் சிரித்து லாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி, ‘பிகாஸ்’ என்று தொடங்கித்தான் பார்ப்போமே என்று, அம்மா விழுந்ததைச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு ‘ஸோ’வைப் போட்டு, வேலையை விட்டதைச் சொன்னேன். அதுவும் தப்பாம். விழுந்ததால், அதனால் விட்டேன் என்று இரண்டு தடவை காரணம் கட்டுகிறேனாம். ‘பிகாஸ்’ போட்டால் ‘ஸோ’ வேண்டாம், ‘ஸோ’ போட்டால் ‘பிகாஸ்’ வேண்டாம். “நாத்துமுடிக்கு எத்தன கட்டு போடுவீங்க? ஒரு கட்டுதானே?” என்று கேட்டார். கடற்கரை ஊரில் பிறந்தவர் எனக்கு நாற்றுமுடியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார் பாருங்கள்.

அடுத்து வந்தது ‘சின்ஸ்’. அதுவரை அது காலத்துக்குச் சொல்கிற வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றிலிருந்து காய்ச்சல், திங்கட்கிழமையிலிருந்து இருமல், அதற்கெல்லாம் எழுதுவது. காரணத்துக்கும் அதைச் சொல்லலாம் என்று லாத்தா சொன்னபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாமே காரணம்தான் என்றால் எதற்கு ‘பிகாஸ்’, எதற்கு ‘சின்ஸ்’? எரிச்சலாக வந்தது. “இந்த வெள்ளைக்காரனுக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேட்டேன்.

லாத்தா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இந்த வருஷம் ஆத்துல தண்ணி லேட்டா வந்துச்சு, அதனால உங்க ஊர்ல நாத்து விடாம நேரடியா வெதச்சுட்டாங்க. தண்ணி லேட்டுன்னு உங்க ஊர்ல தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?”

“அது ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும் லாத்தா.”

“அப்ப அதுக்கு சின்ஸ். கேக்குறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச காரணம். அதைச் சும்மா தொட்டுட்டு மேல போயிடறோம். உங்க வீட்டுக்காரர் ஊர்ல இருக்குற நெலத்துல எல்லாரும் நெல்லு போட்டப்ப உளுந்து போட்டாரே, அது ஏன்னு யாருக்காவது தெரியுமா?”

“அது எனக்கே தெரியாது.”

“அவரைக் கேட்டா என்ன சொல்வாரோ, அதுக்கு முன்னாடி பிகாஸ். அந்தக் காரணம்தான் அங்க சேதி.”

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டே இரண்டுதான். தண்ணீர் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை. கல்யாணம் தள்ளிப்போனதற்கும் அதுதான், கூரை மாற்றாததற்கும் அதுதான். எல்லாமே ஊரறிந்த காரணம், எல்லாமே ‘சின்ஸ்’. எனக்கு ‘பிகாஸ்’ வராமல் போனதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? கேட்கிறவருக்குத் தெரியாத காரணத்தை நிதானமாக எடுத்துச் சொல்கிற பழக்கமே எனக்கு இல்லை. ‘ஆஸ்’ என்று இன்னொன்றும் இருக்கிறது, அதுவும் தெரிந்த காரணத்துக்குத்தான் என்றார் லாத்தா. ‘ஃபார்’ என்று ஒன்று புத்தகத்தில் மட்டும் வருமாம். அதைப் புத்தகத்திலேயே விட்டுவிடுங்கள் என்றேன்.

“அந்த மேடத்துக்கு உங்க அம்மாவைத் தெரியுமா?” என்று கேட்டார் லாத்தா.

“தெரியாது.”

“அப்ப உங்களுக்கு பிகாஸ்தான். வீட்டுல உக்காந்து அந்த ஒரு பதிலை எழுதிட்டு வாங்க.”

எழுதிக்கொண்டு போனேன். நான் எழுதியது இது: ஐ லாஸ்ட் மை ஜாப் பிகாஸ் ஆஃப் மை மதர். ‘ஒய்’ இல்லை, ‘ஸோ’ இல்லை, சுத்தமான வாக்கியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. லாத்தா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாக, “உங்க அம்மா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. “என்ன கேக்குறீங்க?”

“கோவப்படாதீங்க. பிகாஸ் ஆஃப்ல தப்பு இல்ல. ஆனா முன்னாடி லாஸ்ட்னு போட்டுட்டீங்க. அம்மாவால என் வேலையே போச்சுன்னு படிக்கிறவங்களுக்குத் தோணும்.”

“அம்மாவாலதானே விட்டேன்? அதைத்தானே எழுதியிருக்கேன்?” என்று சத்தம் போட்டேன். ஆங்கிலம் தெரிந்துவிட்டால் யாரையும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாமா என்றும் கேட்டுவிட்டு, விறுவிறுவென்று படி இறங்கிவிட்டேன். அவர் மாமியார் பாவம், “ஊசி போடலையாம்மா?” என்று உள்ளேயிருந்து கேட்டது காதில் விழுந்தது. திரும்ப ஏறிப் போய், யார் முகத்தையும் பார்க்காமல் ஊசியைப் போட்டுவிட்டு மறுபடியும் இறங்கினேன்.

மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை வேலை செய்தது, மனசு அந்த வாக்கியத்திலேயே நின்றது. அம்மாவால் என்று நான் சொன்னதில் என்ன தப்பு? பஸ்ஸை விட்டால் என் வீட்டுக்காரர், “உன்னாலதான் பஸ் போச்சு” என்பார். அது திட்டு. டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களாலதான் எம்புள்ள பொழச்சான்” என்பார்கள். அதே ‘ஆல்’ தான், அது கும்பிடு. சொல்கிற குரலில் இருக்கிறது எல்லாம். என் குரல் எனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதினால் குரல் எங்கே போகிறது?

அம்மா என்னைப் படுக்கையிலிருந்து ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகும் அந்தச் சொல் மட்டும் சுத்தமாக வரும். யாராவது பார்க்க வந்திருந்தால் இன்னும் கூடும். “சிஸ்டர், கொஞ்சம் தண்ணி.” “சிஸ்டர், ஃபேனைப் போடுங்க.” மகளை ‘போடுங்க’ என்று சொல்லிவிட்டு வந்தவர்களைக் கண்ணால் பார்ப்பாள். தன் மகள் நர்ஸ் என்பதை அவள் ஒரு நாளும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதே இல்லை. அப்படிப்பட்டவளைப் பற்றி நான் எழுதிய வாக்கியத்தை அவளுக்கு யாராவது தமிழில் படித்துக் காட்டினால் என்ன நினைப்பாள் என்று தோன்றியதும், கையில் இருந்த அரிசியை அப்படியே முறத்தில் போட்டேன்.

மறுநாள் காலையில் லாத்தாவே இறங்கி வந்தார். கையில் தட்டு நிறைய வட்டலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அவித்தது. “கோவமா நர்ஸம்மா?” என்றார்.

“இருந்துச்சு.”

“இப்ப?”

“வட்டலப்பத்தைக் கீழ வைங்க, சொல்றேன்.”

இரண்டு பேரும் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். லாத்தா தானாகவே, “உங்க அம்மாவைப் பத்தி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். கேட்டது நல்லதுதான் என்றேன். அப்புறம் அவர் சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது. ஆங்கிலத்தில் நல்ல காரணத்துக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்களாம். ‘தேங்க்ஸ் டு’. ஒருவரால் நமக்கு நல்லது நடந்தால் ‘பிகாஸ் ஆஃப்’ என்று போடாமல் ‘தேங்க்ஸ் டு’ என்று போடலாமாம்.

“தேங்க்ஸ்னா நன்றி இல்லையா லாத்தா?”

“அதேதான்.”

“நன்றி சொல்லியே காரணம் சொல்லிடலாமா?”

“சொல்லலாம். சொல்லிப் பாருங்க.”

ஐ பிகேம் எ நர்ஸ், தேங்க்ஸ் டு மை மதர். வாய்விட்டுச் சொன்னேன். நாக்கு தடுக்கவே இல்லை. ‘ஒய்’ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரனைப் பற்றி நான் முன்னால் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று லாத்தாவிடம் சொன்னேன். இத்தனை வருடம் இந்த மொழியைச் சிகிச்சைக் குறிப்பு எழுத மட்டுமே வைத்திருந்தேன். அதில் இப்படி ஒரு இடம் இருந்தது எனக்குத் தெரியாது. அதை எனக்குக் காட்டிய லாத்தாவுக்கு நான் கடைசி வரை கடன்பட்டவள்.

அன்றைக்கே சேர்ந்து உட்கார்ந்து பதிலைச் சரிசெய்தோம். வேலை போச்சு என்பதை எடுத்துவிட்டு, வேலையை விட்டேன் என்று வைத்தோம். ‘பிகாஸ்’ போட்டு, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று முடித்தோம். ஊசி போடும்போதும், சோறு வடிக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, “ஏன் இன்னிக்கு ரசத்துல உப்பு இல்ல?” என்று கேட்டதற்குக்கூட ‘பிகாஸ்’ என்று தொடங்கிவிட்டேன். அவர் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

நேர்காணல் அன்று லாத்தாதான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். “உங்களுக்காகத் துவா செய்றேன், நீங்க நிதானமா பேசுங்க, அது போதும்” என்று சொல்லி வாசலில் நின்றுகொண்டார். உள்ளே இரண்டு பேர். ஒருவர் நிர்வாகத்தைச் சேர்ந்தவர், கோட்டுப் போட்டிருந்தார். இன்னொருவர் அந்த மேடம். தலை பாதி நரைத்திருந்தது. என் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே தவிர நிமிரவில்லை. கேள்வி எல்லாம் கோட்டுக்காரர்தான் கேட்டார். எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. ஏன் வேலையை விட்டீர்கள்?

ஐ லெஃப்ட் மை ஜாப் பிகாஸ் மை மதர் ஹேட் எ ஸ்ட்ரோக். பிசிறில்லாமல் வந்தது. வேறு ஆள் இல்லை என்பதையும் சொல்லி முடித்தேன். லாத்தா வாசலில் நிற்காமல் பக்கத்தில் நின்றிருந்தால் என் முதுகில் தட்டியிருப்பார்.

கோட்டுக்காரர் தலையை ஆட்டினார். அனுதாபமாகத்தான் ஆட்டினார். ஆட்டிவிட்டு, பழைய பாட்டையே பாடினார். ஆறு வருடம் நர்ஸிங்கை விட்டு விலகி இருந்திருக்கிறீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நேராக விட முடியாது. புதியவர்களோடு பயிற்சியில் சேருங்கள், பிறகு பார்க்கலாம். என் காரணத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. காரணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவருடைய முடிவு ஏற்கெனவே தயாராக இருந்தது.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நிதானமாகப் பேசச் சொன்னது நினைவில்தான் இருந்தது, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. “நோ சார்” என்றேன். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். “ஐ வாஸ் நாட் அவே ஃப்ரம் நர்ஸிங். ஐ ஹேட் ஒன் பேஷன்ட்.” இதை நாங்கள் எழுதவும் இல்லை, சொல்லிப் பார்க்கவும் இல்லை. நர்ஸிங்கை விட்டு நான் எங்கேயும் போகவில்லை, எனக்கு ஒரே ஒரு நோயாளி இருந்தாள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

அப்போது அந்த மேடம் முதல் தடவையாக நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார். ஆறு வருடமும் படுக்கையிலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம், தானாகப் புரளக்கூட முடியாது என்றேன். படுக்கைப் புண் எத்தனை இருந்தது என்று கேட்டார். கொஞ்சமாகவா, நிறையவா என்று கேட்கவில்லை. எத்தனை என்றுதான் கேட்டார். இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“நன், மேடம். நாட் ஈவன் ஒன்.”

“ஒய்?” என்றார்.

“பிகாஸ் ஐ டர்ன்ட் ஹெர், மேடம். எவ்ரி டூ அவர்ஸ். நைட் ஆல்ஸோ.”

மேடம் அந்தக் கோட்டுக்காரர் பக்கம் திரும்பி, இவருக்குப் பயிற்சி வேண்டாம், நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள் என்றார். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். மேடம் காது கொடுக்கவில்லை. என்னிடம், எப்போது வரமுடியும் என்று கேட்டார். நாளைக்கே என்றேன். திங்கட்கிழமை வந்தால் போதும் என்று சிரித்தார்.

வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. படியிறங்கும்போது அம்மாவின் முதுகு அப்படியே கண்முன் வந்து நின்றது. வெயிலில் குனிந்து நட்டுக் கறுத்துப்போன முதுகு. படுத்த பிறகும் கடைசி நாள் வரை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் அவளுக்கு வலித்திருக்கும். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை, என் கைக்குத் தன்னைக் கொடுத்துவிட்டுக் கிடப்பாள். என்னைப் படிக்க வைத்தவளும் அவள்தான், படித்ததை நான் மறந்துவிடாமல் வைத்திருந்தவளும் அவள்தான். இதை அவள் உயிரோடு இருக்கும்போது நான் அவளிடம் சொல்லவில்லையே தவிர, அவள் அறிந்தே இருந்தாள் என்று நம்புகிறேன்.

லாத்தா ஸ்கூட்டரை விட்டு ஓடி வந்து, “என்னாச்சு நர்ஸம்மா?” என்றார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஆட்டோக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், நான் நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுகிறேன். வேலை கிடைக்கவில்லை என்று நினைத்து லாத்தாவும் அழத் தொடங்கிவிட்டார். கிடைத்துவிட்டது என்று நான் தலையாட்டிச் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஏன் அழுகிறோம் என்று அவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.